கடல் தாண்டிப் படிக்க எந்த நாடு?

போன இதழில் மாவடு போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களோடு, மாவடுவுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு கடிதங்களும் வந்திருந்தன. ஒன்று பெரம்பலூரிலிருந்து. "உங்கள் மகள் ஜெர்மனியில் படிப்பதாக முன்பு ஒரு முறை எழுதியிருந்தீர்கள். என் பையன் பி.இ. முடிக்கப் போகிறான். வெளிநாடு போயே தீருவேன் என்கிறான். எந்த நாடு நல்ல நாடு, சொல்லுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். இன்னொன்று துறையூரிலிருந்து. அவர் பையனுக்கு டாக்டர் படிப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். திருச்சியை விட்டால் எனக்குத் தெரிந்த வெளியூர் மதுரையும் திருப்பதியும்தான். எந்த நாடு நல்ல நாடு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் ஒரு வருஷம் இந்த விஷயத்தில் எங்கள் வீடு பட்ட பாட்டை எழுதலாம் அல்லவா, அதை எழுதுகிறேன். உபயோகப்பட்டால் சந்தோஷம்.

என் மகள் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தது 2024-ல். ஒரு வருஷம் இங்கேயே ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போன இரண்டாம் மாதமே, "அம்மா, நான் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போறேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். அவளுடன் படித்த நாலு பேர் அங்கே போயிருந்தார்கள். படம் படமாகப் போனில் வரும். அவள் அப்பாவுக்கு மகள் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. "போகட்டுமே, நம்ம காலத்துல நமக்குத்தான் வாய்க்கல" என்றார். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அப்போது பயம் பணத்தைப் பற்றி இல்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு. பனி இறங்கினால் நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக்குப் போகமாட்டாள். இவளைப் போய் பனி கொட்டுகிற ஊருக்கு அனுப்புவதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டோன்மெண்டில் ஒரு ஹோட்டலில் கல்விக் கண்காட்சி என்றார்கள். மூன்று பேரும் போனோம். வாசலிலேயே ஒரு பையும் பேனாவும் கொடுத்தார்கள். குளிர்ச்சியான ஹால். மேஜைக்கு மேஜை ஒரு கொடி. டை கட்டிய ஒரு தம்பி எங்களை உட்காரவைத்து, "ஆன்ட்டி, எங்க சர்வீஸ் முழுக்க ஃப்ரீ. ஒரு பைசா வேண்டாம். பாப்பா மார்க்குக்கு யு.கே.தான் பெஸ்ட். ஒரே வருஷம். இன்னிக்கே லெட்டர் வாங்கித் தர்றேன்" என்றார். இவள் அமெரிக்கா என்றால் அவர் யு.கே. என்கிறார். இவள் கெமிக்கல் என்றால் அவர் 'மேனேஜ்மென்ட்' என்கிறார். இவர் ஜெர்மனியைப் பற்றி ஏதோ கேட்டார். "அங்கே பாஷை கஷ்டம் சார். வேணும்னா பெர்லின்ல ஒரு தனியார் யுனிவர்சிட்டி இருக்கு, பார்க்கலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. கல்யாணத் தரகர் பெண் வீட்டில் கமிஷன் வேண்டாம் என்று சொன்னால் என்ன அர்த்தம்? பிள்ளை வீட்டில் பேசி முடித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! மறுநாள் மகளைவிட்டுத் தேடச் சொன்னேன். நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் பல கல்லூரிகள், சேர்த்துவிடும் ஏஜெண்டுக்கு மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்து கமிஷன் கொடுக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸே கிடையாது, கமிஷனுக்கு எங்கே போவது? அந்தத் தம்பி பேச்சை முடித்ததன் காரணம் அதுதான். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வியாபாரம் அவருக்கு. ஆனால் வாங்கப் போகிறவள் நான் ஆயிற்றே.

எதிர் வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. அவர் மகன் இங்கிலாந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் எல்லோரும் "லண்டன் பையன்" என்போம். லண்டனும் இல்லை, வேறு ஊர். இங்கே மெக்கானிக்கல் படித்தவன் அங்கே படித்தது ஏதோ பிஸினஸ் படிப்பு. ஏஜெண்டிடம் அந்த இடம்தான் இருந்ததாம். படிப்பு முடிந்து, ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்டில் பெட்டிகளை அடுக்கும் வேலை. "மாசா மாசம் முப்பத்திரண்டாயிரம் ரூபாய் பேங்குக்கு நான்தாம்மா கட்டறேன். அவன் அனுப்பறது ஒரு மாசம் வரும், ஒரு மாசம் வராது. போன்ல கேட்டா அழறான். வந்துடுடான்னு சொல்ல எனக்கு வாய் வரல, கடன் இருக்கே" என்றார். நான் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "என் பேரைப் போடாதே, மத்ததை எழுது. நாலு பேராவது கேட்டுக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரியே, பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம். ஃபீஸ் எவ்வளவு, தங்கிச் சாப்பிட எவ்வளவு, உடம்புக்கு வந்தால் என்ன ஆகும், படித்து முடித்தபின் எத்தனை நாள் இருந்து வேலை தேட விடுவார்கள் என்று நாலு கேள்விகள். மகள் முதலில் சிரித்தாள். "நீ என்னம்மா, காய்கறி வாங்கற மாதிரி!" என்றாள். அப்புறம் அவளே உட்கார்ந்து ஒவ்வொரு நாட்டின் அரசாங்க வலைத்தளத்திலிருந்தும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் எழுதினேன். அரசாங்கத் தளத்தில் இருப்பதைத்தான் எழுதுவது, யாரோ சொன்னார்கள் என்பதை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

அமெரிக்கா. அவளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் 2025 மார்ச்சில் இடமும் கிடைத்துவிட்டது. வருஷச் செலவு 42,000 டாலர் என்று அவர்களே தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு 84,000 டாலர். அன்றைய மதிப்பில் எழுபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் கையிருப்பையெல்லாம் துடைத்துப் போட்டாலும் ஐம்பது லட்சம் கடன் வாங்க வேண்டும். வங்கியில் 11 சதவிகிதம் என்றார்கள். படிக்கும் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று மேனேஜர் சொன்னபோது நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் தலை சுற்றியது. தவணைதான் இல்லையே தவிர வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்! வருஷத்துக்கு ஐந்தரை லட்சம். மூன்று வருஷத்தில் பதினாறரை லட்சம். அவள் முதல் தவணை கட்ட உட்காரும்போது கடன் ஐம்பது இல்லை, அறுபத்தாறரை லட்சம். கல்விக் கடன் வாங்கப் போகும் சகோதரிகள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

படித்த பிறகு அங்கே ஒரு வருஷம் வேலை பார்க்க அனுமதி உண்டு. விஞ்ஞானம், இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மேலும் இரண்டு வருஷம். மொத்தம் மூன்று. அது நல்ல விஷயம்தான், நோட்டில் அதையும் எழுதினேன். அதற்கப்புறம் இருக்க வேண்டுமானால் ஹெச்-1பி விசா. வருஷத்துக்கு 85,000 தான். நாங்கள் விசாரித்த 2025-ல் அதற்குக் குலுக்கல் நடந்தது. குலுக்கலில் விழும் என்று நம்பி அறுபத்தாறு லட்சம்!

அதற்கு ஈடாக வங்கி கேட்டது எங்கள் வீட்டுப் பத்திரம். இந்த வீடு என் மாமனார் 1992-ல் கட்டியது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் மாமியார் ஒரு கதை சொல்வார். பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இவர் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பேத்தி படிப்புக்குத்தானே, கையெழுத்துப் போடறேன். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவளுக்கு அங்கே வேலை கிடைக்கலைன்னா நாம எல்லாரும் எங்கே போய் இருப்போம்?" என்று கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை. கதவோரம் நின்றிருந்த மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம் பத்து நாள் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒருநாள், "உனக்கு உன் கணக்கு நோட்டுதான் முக்கியம். என்னோட படிச்சவங்க எல்லாம் போயிட்டாங்க" என்று அழுதாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பேசாமல் பத்திரத்தைக் கொடுத்துத் தொலைப்போமா என்று அன்றைக்கு நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். மே மாதக் கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புதிதாக நேர்முகத் தேதி கொடுப்பதைச் சில வாரம் நிறுத்திவைத்தன. அதோடு அவளே ஓய்ந்துவிட்டாள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. ஒரே வருஷம், அது ஒரு சௌகரியம். ஆனால் ஃபீஸும் தங்கும் செலவும் சேர்த்து எங்கள் கணக்கில் முப்பது லட்சம் தாண்டியது. படித்தபின் வேலை தேட இரண்டு வருஷம் இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அதை ஒன்றரை வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். இனிமேல் சேருகிறவர்கள் அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். கனடாவில் கையிருப்பாக 10,000 கனடா டாலர் காட்டினால் போதும் என்றிருந்தது, 2024 ஜனவரியில் 20,635 ஆனது, 2025 செப்டம்பரில் 22,895. மாணவர் எண்ணிக்கைக்கும் 2024-ல் உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கு வெறும் விண்ணப்பக் கட்டணம் 710 டாலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600, அடுத்த ஜூலையில் 2,000. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. நாலு வருஷத்துக்கு முன்னால் போன ஒன்றுவிட்ட அண்ணன் மகன் சொல்கிற கணக்கு இன்றைக்குச் செல்லாது என்று இதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

இனி நம் பத்திரிகைக்கு உரிய விஷயம். உடம்பு! இதை எந்த ஏஜெண்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் பல்கலைக்கழகம் வழியாகத்தான் பெரும்பாலும், வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் வரை போகும். அதைக் கட்டிய பிறகும் டாக்டரிடம் போனால் நம் பங்கு என்று தனியாக ஒரு தொகை உண்டு. இங்கிலாந்தில் விசா வாங்கும்போதே வருஷத்துக்கு 776 பவுன் கட்டிவிட வேண்டும், பிறகு அரசு மருத்துவம். பல் வைத்தியத்துக்குத் தனிக் காசு. ஆஸ்திரேலியாவில் மாணவர் இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஏற்கெனவே இருப்பதுதானே இழுப்பு! கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் ஒரு சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெளிநாட்டு மாணவரும் மாதம் 75 டாலர் கட்டி அரசு மருத்துவத் திட்டத்தில் சேரலாம், ஒன்டாரியோவில் அரசுத் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

ஜெர்மனியில் முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர்களை அரசு முறை இன்ஷூரன்ஸில் சேர்த்துக்கொள்கிறார்கள். முன்னாலேயே என்ன வியாதி இருந்தாலும் தள்ள முடியாது. மாதம் சுமார் 150 யூரோ. ஒரு அட்டை தருவார்கள். டாக்டரிடம் அதைக் காட்டினால் போதும், சீட்டு மருந்துக்கு மட்டும் பொதுவாக 5 முதல் 10 யூரோ நம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்கு ஜெர்மனி மீது முதன்முதலாக ஒரு கண் விழுந்தது.

ஆனால் "ஜெர்மனியில் எல்லாம் இலவசம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம் மாதிரி வெளிநாட்டாருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 முதல் எம்.எஸ்ஸிக்கு 4,000 முதல் 6,000 யூரோ. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான், அதிலேயே டிராம், பஸ்ஸும் பெரும்பாலும் அடக்கம். பெரிய செலவு வேறொன்று. விசாவுக்கு முன்னால் 11,904 யூரோவை ஒரு முடக்குக் கணக்கில் போட வேண்டும். சுமார் 12 லட்சம்! கேட்டதும் பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அது ஃபீஸ் இல்லை. நம் பணம்தான். அவள் அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவளுக்கே திரும்பி வரும். மொத்தமாகக் கொடுத்தால் செலவழித்துவிடுவாள் என்று பருப்பு டப்பாவில் போட்டுவைத்து மாதா மாதம் எடுத்துக் கொடுப்போமே, அந்த மாதிரி. இதில் ஒரு சிக்கல், அடுத்த வருஷம் இருப்பு அனுமதியைப் புதுப்பிக்கவும் செலவுக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும்.

நம் நாட்டுச் சான்றிதழ்கள் நிஜமானவைதானா என்று சரிபார்க்க 'ஏ.பி.எஸ்.' என்று ஒரு சான்று. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். இதை முதலிலேயே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஓடினால் எல்லாம் தாமதமாகும். மார்க் கணக்கும் அங்கே தலைகீழ். 1 என்றால் முதல்தரம், 5 என்றால் ஃபெயில்! நம் ஊரில் அரியர் வைத்து எழுதிக்கொண்டே இருப்பார்களே, அது அங்கே செல்லாது. ஒரு பாடத்தை இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கு, பல இடங்களில் மூன்று. அதிலும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியே. இதைப் பையன்களைப் பெற்றவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஷை விஷயத்தில் அந்த டை கட்டிய தம்பி சொன்னது பொய் இல்லை. எம்.எஸ்ஸி. பாடம் ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் காய் வாங்க, வீடு பிடிக்க, முக்கியமாக வேலைக்கு, ஜெர்மன் வேண்டும். படித்தபின் வேலை தேட ஒன்றரை வருஷம் தருகிறார்கள், பாஷை தெரியாவிட்டால் ஒன்றரை வருஷமும் தேடிக்கொண்டேதான் இருக்கணும். மகள் அந்த ஜூனிலிருந்து சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். வீட்டில் தோசைக்கல், கரண்டி எல்லாவற்றிலும் ஜெர்மன் பெயர் எழுதி ஒட்டிவைத்தாள். அத்தை அந்தச் சீட்டை எல்லாம் குப்பை என்று கிழித்துப்போட, ஒரே சண்டை!

நாடு முடிவானால் போதும் என்று நினைத்தேன். ஊர் என்று ஒன்று இருக்கிறதே! மியூனிக்கில் வாடகை அதிகம் என்றார்கள், 992 யூரோவில் பாதிக்குமேல் அறைக்கே போய்விடும். இங்கேதான் மகள் என்னை ஒரு விஷயத்தில் மடக்கினாள். "நீ எல்லாக் கணக்கும் போட்டே. நான் என்ன படிக்கப்போறேன்னு உன் நோட்டுல ஒரு கோடுகூட இல்லையேம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எதிர் வீட்டு அக்கா மகனுக்கு நடந்ததும் அதுதானே! நாட்டைப் பார்த்தார்கள், படிப்பைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு அவளையே எழுதச் சொன்னேன். வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகளை எல்லாம் 'டாட்' என்ற ஜெர்மன் அமைப்பின் தளத்தில் ஊர் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். அதில் தேடிப் பிடித்தது மாக்டெபர்க் என்ற ஊரில் கெமிக்கல் அண்ட் எனர்ஜி இன்ஜினீயரிங். ஆங்கிலத்தில் பாடம், வாடகை குறைவு. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஊர் மேயராக இருந்த ஓட்டோ ஃபோன் குவெரிக்கே என்ற விஞ்ஞானியின் பெயர். இரண்டு செம்புக் கிண்ணங்களை ஒட்டி உள்ளே காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தவர் அவர்தானாம்.

அந்த ஊரில் இன்டெல் கம்பெனி பெரிய சிப் தொழிற்சாலை கட்டப் போகிறது, படித்து முடித்ததும் வேலை வாசலில் நிற்கும் என்று மகளின் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். தேடிப் பார்த்தால், 2022-ல் அறிவித்ததை 2024-ல் தள்ளிவைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் கைவிட்டே விட்டார்கள். நல்லவேளை, அதை நம்பி அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. 2024 டிசம்பர் 20-ம் தேதி அதே ஊரில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தில் ஒருவன் காரை ஓட்டிப் பலரைக் கொன்றான். காயப்பட்டவர்களில் நம் இந்தியர்களும் இருந்தார்கள். "வேற ஊரே இல்லையாடி?" என்று கேட்டேன். அவள், அங்கே படிக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்தாள். அந்தப் பெண், "ஆன்ட்டி, பயம் இல்லைன்னு சொல்லமாட்டேன். அதுக்கப்புறம் சில பேர் எங்களை முறைச்சுப் பார்த்தாங்க. ராத்திரி தனியா டிராம்ல வரமாட்டேன். ஆனா நான் ஊரை மாத்திக்கணும்னு நினைக்கல" என்றாள். எல்லாம் பிரமாதம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருக்கமாட்டேன். எந்த ஊராக இருந்தாலும் அங்கே படிக்கும் ஒரு பெண்ணிடம் அம்மாவே பேசிவிடுவது நல்லது.

பணத்துக்கு வருகிறேன். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. அதை வாங்கினோம். மிச்சம் இவரது டெபாசிட், என் நாலு வளையல், மகளின் ஒரு வருஷச் சம்பளச் சேமிப்பு. மாதம் 6,250 ரூபாய் வட்டியை இப்போதே கட்டிவருகிறோம். வட்டி ஏறாமல் இருக்கட்டும் என்றுதான். பத்திரம் அத்தையின் பீரோவிலேயே இருக்கிறது. இரண்டாம் வருஷப் பணத்துக்கு என்ன செய்வது என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை, ஒரு சீட்டு போட்டிருக்கிறேன். அவளும் பகுதிநேர வேலை தேடுகிறாள். வருஷத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம், குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13 யூரோ 90 சென்ட். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். போன மூன்று மாதத்தில் அவளுக்குக் கிடைத்தது மொத்தம் பதினோரு நாள் வேலை, ஒரு பேக்கரியில்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த 2025 செப்டம்பரில், அமெரிக்காவில் புதிய ஹெச்-1பி விசாவுக்குக் கம்பெனிகள் ஒரு லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. "பார்த்தியா, நான் சொன்னேனே" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை சொல்லவில்லை. அங்கேயே படித்து முடித்து விசா மாறுகிற மாணவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தார்கள். அவளுடன் படித்த நாலு பேரில் ஒரு பெண்ணுக்கு அங்கே நல்ல வேலையும் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று மகள் போனில் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். நானும் பேசவில்லை.

துறையூர் சகோதரிக்கு: டாக்டர் படிப்புக்கு நான் எழுதிய கணக்கு எதுவும் ஒத்துவராது. நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் படித்துவந்தால் இங்கே டாக்டராக முடியாது. படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, பாடம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும், பயிற்சி ஒரு வருஷமும் அதே இடத்தில் முடிக்கவேண்டும், படித்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யத் தகுதி தரும் படிப்பாக இருக்கவேண்டும் என்று 2021-ல் விதி வந்துவிட்டது. திரும்பி வந்ததும் தேர்வு எழுதவேண்டும், இங்கேயும் ஒரு வருஷம் பயிற்சி. ஏஜெண்ட் சொல்லும் கல்லூரி இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனிலிருந்து பிள்ளைகள் போட்டது போட்டபடி ஓடிவந்ததை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம் இல்லையா?

பெரம்பலூர் சகோதரி, உங்கள் பையன் என்ன படிக்க விரும்புகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை முதலில் கேட்டு எழுதுங்கள்.

இந்த ஜனவரியில் அங்கே மைனஸ் ஒன்பது டிகிரி. நான் பயந்த மாதிரியே மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் போயிருக்கிறாள். டாக்டரம்மா நெஞ்சைப் பரிசோதித்து, இன்ஹேலரை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக் கடையில் 5 யூரோ. இதெல்லாம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாள்! "உடனே ஏன்டி சொல்லல?" என்று சத்தம் போட்டேன். "சொன்னா நீ நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்துடுவேம்மா" என்கிறாள். அத்தை பக்கத்திலிருந்து, "வெந்நீர்ல ஓமம் போட்டு ஆவி பிடிக்கச் சொல்லு" என்றார். ஓமம் கொடுத்தனுப்பவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இருபத்துமூன்று கிலோ பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது, விமான நிலையத்தில் எதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஊறுகாய் கசியாமல் கட்டுவது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.